சாமை உப்புமாவும் சாலை மறியலும்

போன மாதம், நான் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் போன் செய்தார்கள். வாடை பிடிக்கிற மெஷின் ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். உணவுப் பாக்கெட்டைப் பிரித்து அதன் வாயருகே காட்டினால், நல்லதா கெட்டதா என்று திரையில் கோடு போட்டுச் சொல்லிவிடுமாம். "இது இல்லாத காலத்துல நீங்கள்லாம் எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "மூக்கு இருந்துச்சும்மா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வெடிகுண்டு செய்யவில்லை. எலவனாசூர்கோட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறார்கள். ராணுவத்துக்கான ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று அப்பா பெருமையாகச் சொல்லி வைத்ததன் விளைவு. லீவில் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தனம், இப்ப இன்னா குண்டு செய்யறீங்க?" என்பார். "உப்புமா செய்யறோம் அத்தை" என்பேன். "ரகசியம்னா சொல்லாத போ, எதுக்கு இந்தக் கிண்டல்" என்று கோபித்துக்கொள்வார். நான் சொன்னது சத்தியம். பனிமலையிலும் பாலைவனத்திலும் காவல் நிற்கும் சிப்பாய்களுக்கு, வெந்நீர் ஊற்றினால் சாப்பாடாகிவிடும் பாக்கெட்டுகள் தயாரிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

விழுப்புரத்தில் வேதியியல் படித்தேன், பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிமாநிலம் போனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சோதனைக்குழாய் கழுவினேன், அவ்வளவுதான். வேலை ஆரம்பித்தது வைத்தியநாதன் சாரிடம் வந்த பிறகு.

சார் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பெரிய மூக்கு. ருசி பார்க்கும் குழுவில் நானும் உண்டு. காலையில் காப்பி குடித்த வாய் அடங்கி, மதியப் பசி இன்னும் வராத நேரத்தில்தான் ருசி பார்ப்போம். அறை வாசலில் சார் நிற்பார். ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் மூச்சை இழுப்பார். பவுடர் போட்டிருந்தால் திருப்பி அனுப்புவார். வெற்றிலை, பாக்கு, பீடி எல்லாம் உடனே மாட்டிக்கொள்ளும். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போன முதல் நாள், "பூவா, வேலையா?" என்று கேட்டார். அழுகையே வந்துவிட்டது எனக்கு. பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அதற்கப்புறம் வேலைநாளில் நான் பூ வைத்ததே இல்லை. கல்யாணமாகி மறுநாள் வேலைக்குப் போனபோதுகூட வைக்கவில்லை, மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சார் பேச்சில் சிக்கனம். எதைச் சொன்னாலும் அவர் பதில் "ம்". குட்டையாக வந்தால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம். நீளமாக இழுத்தால் நம்பவில்லை. மூன்றாவது ஒன்று உண்டு, மூக்கு வழியாக மெதுவாக வரும், அது சந்தோஷம் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். சேர்ந்து பல வருஷம் ஆகியும் நான் அதைக் கேட்டதில்லை.

அப்போது என் தம்பி வேலு பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே பனிமலையில் இருந்தான். ஒருமுறை லீவில் வந்தவன் கன்னம் ஒட்டிப்போய் வந்தான். "சாப்பாடு எப்படிடா?" என்றேன். "போக்கா, உன் ஆபீஸ் மாதிரி எங்கயோ செஞ்சி அனுப்பறாங்க. பாக்கெட்டப் பிரிச்சா சிக்கு வாடை. மூக்கப் புடிச்சிக்கினு முழுங்கறவன் முழுங்குவான். நானு பல நாளு பள்ளத்துல கொட்டிட்டு டீய மட்டும் குடிச்சிக்கினு படுத்துக்குவேன்" என்றான். அது எங்கள் ஆய்வகத்துப் பாக்கெட் இல்லைதான். ஆனால் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சாமை உப்புமா வேலை வந்தது. சாமை சத்தானது, கனம் கம்மி, சீக்கிரம் வேகும். ஒரே தொல்லை, அதன் தவிட்டில் இருக்கும் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடித்துவிடும். அதைத் தடுக்க இரண்டு முறைகளில் பாக்கெட் தயாரித்தோம். ஒன்றில் சாமையை வெறுமனே வறுத்தோம், செலவு குறைவு. இன்னொன்றில் முதலில் ஆவியில் காட்டி, உலர்த்தி, அதற்கப்புறம் வறுத்தோம். வேலை ஜாஸ்தி, செலவும் ஜாஸ்தி. எது ராணுவத்துக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்யப் பெரிய அதிகாரிகள் கொண்ட ஒரு கமிட்டி இருந்தது. அவர்கள் மனம் மலிவான முறைப் பக்கம் சாய்ந்திருந்தது. புதுப் பாக்கெட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பாக்கெட்டுகளைக் குளிரிலும் ஈரத்திலும் பல மாதம் வைத்திருந்து, பிறகு ருசி பார்க்கச் சொன்னார்கள். அப்போதும் இரண்டும் ஒன்றுபோல இருந்தால் மலிவானதே போகும்.

"கல்வராயன் மலையிலே பிறந்ததிலிருந்து சாமை சாப்பிடறாங்க. அவங்க நாக்கை ஏமாத்த முடியாது" என்றார் சார். "நீ அந்தப் பக்கத்துப் பெண்தானே? நீயே போ."

ஒரு முறையின் பாக்கெட்டுகளில் சிவப்புப் பொட்டு, இன்னொன்றில் நீலப் பொட்டு. எது எந்த முறை என்று சாருக்கு மட்டும்தான் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. மேலும் விதிகள்: இது யாருக்கான சாப்பாடு என்று ருசி பார்ப்பவர்களிடம் சொல்லக் கூடாது, சாப்பிடும்போது நான் முகத்தைச் சுளிக்கக் கூடாது, என் நாக்கு சொல்வது கணக்கில் சேராது.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை என்ற ஊரில், அண்ணாமலை என்ற விவசாயியின் வீட்டில், விதைச் சாமை வைக்கும் அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு வந்தேன். மழைக்காலமும் பனிக்காலமும் கழிந்த பிறகு ருசி பார்க்க மறுபடி போனேன். கள்ளக்குறிச்சியிலிருந்து காதர் பாயின் ஜீப். வாடகை ஜீப்தான். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுத்தனுப்பிய 'இந்திய அரசுப் பணி' அட்டையைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தோம். அப்போது எங்கள் பக்கமெல்லாம் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. "நாளைக்கி ரோட்ல மரம் வெட்டிப் போடுவாங்களாம் மேடம். காரியத்த சட்டுனு முடிச்சிட்டு எறங்கிடலாம்" என்றார் பாய். அந்த அட்டை இருந்தால் எவனும் தடுக்க மாட்டான் என்று நான் தைரியம் சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணாமலை வீட்டு வாசலில் ஊர்ச்சனம் குளித்து, தலைசீவி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். வெந்நீர் ஊற்றிப் பாக்கெட்டைத் திறந்ததுமே சிவப்பு மூக்கில் குப்பென்று அடித்தது. பழைய எண்ணெய்ச் சட்டியின் வாடை. நீலம் புது உப்புமாவாக மணத்தது. வேலு பள்ளத்தில் கொட்டினானே, அது இந்த வாடைதான். முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு இரண்டையும் தையல் இலையில் பரிமாறினேன்.

எல்லோரும் இரண்டையும் துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். "எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டும் ரொம்ப நல்லா இருக்குதுங்க."

ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாம் ஒரே பதில். முழு மதிப்பெண், இரண்டுக்கும். தனியே கூப்பிட்டுக் கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். கெஞ்சினேன். ம்ஹூம். கடைசியில் அண்ணாமலையின் மனைவி செல்லம்மாவை அடுப்படியில் பிடித்தேன். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. செவப்புல வாடை வரலியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "அவ்ளோ தூரத்துலருந்து மலையேறி சோறு எடுத்தாந்து குடுத்திருக்கீங்க. அத்தப் போயி நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்றதுங்க? நீங்க ஒக்காருங்க." சொல்லிவிட்டு, அன்று காலை வடித்த சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றி என் முன்னால் வைத்தார். நான் வெட்கமில்லாமல் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதுதான் உறைத்தது: சற்று முன் வாசலில், சிவப்பை யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நீலத்தைச் சில பேர் கேட்டார்கள். ஆனால் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மதிப்பெண் போடக் கொடுத்த தாளில் அதற்கு இடமே இல்லை. இரண்டும் சமம் என்று கமிட்டி படிக்கும், சிவப்பு மலையேறி வேலுவிடம் போய்ச் சேரும். மிச்சப் பாக்கெட்டுகளை ஜீப்பில் ஏற்றும்போது அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. விருந்தாளிச் சோற்றுக்கு மார்க் போடச் சொல்லி மரியாதை தெரிந்த மனிதர்களிடம் கேட்ட எங்கள் புத்தியை என்ன சொல்ல!

மலையிறங்கி, கச்சிராயபாளையம் தாண்டியதும் ஜீப் நின்றது. சாலைக்குக் குறுக்கே பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. அதன்மேலும் கீழும் ஆட்கள். கண்ணாடியில் இருந்த அட்டையைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும், துண்டைத் தலையில் கட்டியிருந்தார்.

"சென்ட்ரல் கவர்மென்ட் வண்டியா? வாங்க வாங்க. ஒங்களத்தான் தேடிக்கினு இருக்கறோம். எடஒதுக்கீடு எங்க?"

"என்கிட்ட இல்லீங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

கூட்டம் சிரித்துவிட்டது. காதர் பாய் சத்தமில்லாமல் அட்டையைக் கிழித்தெடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பெரியவர் விசாரித்தார், நான் ஊரைச் சொன்னேன். "எலவனாசூர்கோட்டையா? அப்ப நம்ம பொண்ணுதான். எம் பேரு ஏழுமலை. தண்ணி குடிக்கிறியாம்மா? சோறு மட்டும் கேக்காத. கடையெல்லாம் மூடிட்டு நாங்களே பட்டினி. பெட்டில இன்னா?"

"உப்புமாங்க."

அவ்வளவுதான், மரத்தின் மேலிருந்தவர்களெல்லாம் இறங்கிவிட்டார்கள். அந்த முகங்களைப் பார்த்தேன். வெயில், பசி, கோபம். இவர்கள் அரசாங்கத்துக்கே பயப்படாதவர்கள், என் மனம் நோகுமே என்று பொய் சொல்வார்களா? எனக்குக் கை பரபரத்தது. "தர்றேன். ஆனா ஒரு கண்டிசன். செவப்புப் பொட்டு, நீலப் பொட்டு ரெண்டும் திங்கணும். எது நல்லா இருக்குதுன்னு எனக்குச் சொல்லணும்."

"இவ்ளோதானா? எடு!"

டீ போடுவதற்காகக் கல் கூட்டிக் கொதிக்க வைத்திருந்த வெந்நீர் இருந்தது. சார் வாசலில் நிற்பதுபோல நான் வரிசையின் முன்னால் நின்றேன். பீடி குடித்தவர்களை ஒதுங்கச் சொன்னேன். எல்லோரையும் வாய் கொப்பளிக்க வைத்தேன். பேசிக்கொள்ளக் கூடாது என்றேன். ஒரு ஆள் தாடையை ஆட்டிக்கொண்டே வந்தார். விழுந்து கிடந்த மரத்திலிருந்து புளியங்காய் பறித்துக் கடித்திருக்கிறார். "நாக்கு புளிச்சிருக்கும், நீங்க ஆவாதுங்க" என்றேன்.

அவர் இரண்டு கையையும் விரித்தார். "அடப்பாவிகளா, உப்புமாலயும் எனக்கு எடம் இல்லியா?"

சாலையே சிரித்தது. அவருக்குச் சாப்பாடு உண்டு, ஓட்டு இல்லை என்று சமாதானம் செய்தேன். தாளை நீட்டியபோது இன்னொரு சிக்கல். கையெழுத்துப் போட ஒருவரும் தயாராக இல்லை. "கையெழுத்த வாங்கிக்கினு கேசு போடுவீங்க" என்றார்கள். சரி, தாளே வேண்டாம். ஜீப்புக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், சிவப்புப் பெட்டியும் நீலப் பெட்டியும் வைத்தேன். ஆளுக்கொரு புளியங்காய் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு ஒவ்வொருவராகப் போய், பிடித்த பெட்டியில் போடவேண்டும். போகும் வழியில் கடிக்கக் கூடாது.

சிவப்பை வாயில் வைத்த முதல் ஆள் துப்பினார். பேசக் கூடாது என்ற விதியையும் சேர்த்துத் துப்பிவிட்டார் என்று சொல்லவேண்டும். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மற்றவர்களும் முகத்தைச் சுளித்து இலையைத் தள்ளினார்கள். நீலம் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. "இன்னம் கொஞ்சம் போடும்மா" என்று இலைகள் நீண்டன. கடைசியில் பெட்டிகளைத் திறந்தேன். நீலத்தில் புளியங்காய் குவிந்து கிடந்தது. சிவப்பு காலி.

"ஏம்மா, இது யாருக்கு?" என்றார் ஏழுமலை, கையைக் கழுவிக்கொண்டே. ஓட்டு முடிந்துவிட்டதால் இனிச் சொல்லலாம். "பட்டாளத்துக்குங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "எம் பையன் பட்டாளத்துலதான் இருக்கறான்" என்றார். "செவப்ப அனுப்பிடாதம்மா."

"என் தம்பியும் அங்கதாங்க இருக்கறான்" என்றேன்.

மரத்தை நகர்த்த முடியாது, அது போராட்டம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் என் பெட்டிகளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். பாயும் ஜீப்பும் அங்கேயே நிற்க, பெட்டிகளைச் சைக்கிள் கேரியரில் கட்டினார்கள். அடுத்த மரத்தில் வேறு ஆட்கள், வேறு சைக்கிள். "பட்டாளத்துச் சோறு போவுது, வழி வுடு!" என்று கத்திக்கொண்டே பெட்டிகளையும் என்னையும் கள்ளக்குறிச்சிவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓட்டில்லாத அந்தப் புளியங்காய்க்காரர்தான் முதல் சைக்கிளை மிதித்தார்.

சாரிடம் இரண்டு கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மலையிலே யாராவது சிவப்பை ரெண்டாம் தரம் கேட்டாங்களா?" என்றார். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நான் தவித்த அதே விஷயம்.

"இல்ல சார். நீலத்தைக் கேட்டாங்க."

"சாலையிலே?"

"சிவப்பைத் துப்பினாங்க சார். நீலத்தை அடிச்சுப் பிடிச்சுக் கேட்டாங்க."

"புளியங்காய் கடிச்சவரை?"

"ஓட்டுப் போட விடல சார்."

பிறகு மூக்கு வழியாக, மெதுவாக, "ம்...ம்" என்று வந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

கமிட்டி கூடியது. மலையின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "இரண்டும் சமம்தானே, மலிவானதை அனுப்பலாமே" என்றார்கள். சாலைக் கதையைக் கேட்டு ஒரு அதிகாரி, "மறியல் செய்பவர்கள் எப்போது நமக்கு ஆராய்ச்சியாளர்கள் ஆனார்கள்?" என்றார். சார் வாதாடவே இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மலையிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டுகளில் வெந்நீர் ஊற்றி, பொட்டை மறைத்து, எல்லோருக்கும் பரிமாறினேன். முதலில் சிவப்பு.

மெதுவாகச் சாப்பிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பரவாயில்லை" என்றார் கமிட்டித் தலைவர். "நன்றாகவே இருக்கிறது" என்றார் அடுத்தவர். வெள்ளிமலை வாசலில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. சிரிப்பை அடக்க நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்கு இன்னும் கொஞ்சம்?" என்றார் சார்.

ஒரு கையும் அசையவில்லை. தலைவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அடுத்து நீலம் பரிமாறினேன். சார் எதுவும் கேட்கவில்லை. தலைவர் தானாகவே தட்டை என் பக்கம் நகர்த்தினார், பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. அறை முழுக்கச் சிரித்தது. பொட்டுகளைக் காட்டி, நீலம்தான் ஆவி காட்டியது என்று சார் அப்போதுதான் சொன்னார். நான் யூகித்ததுதான், இருந்தாலும் உடம்பு சிலிர்த்தது. நீலமே போவதாக முடிவானது.

அதைக் கட்டுரையாக எழுதியபோது, மதிப்பெண்ணோடு 'மறுபடி கேட்டார்களா' என்பதையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்தோம். கட்டுரையில் சாலை ஆட்களுக்கு ஒரு பெயர் வேண்டுமே? சார் யோசித்து, 'போக்குவரத்துக்காகக் காத்திருந்த நுகர்வோர்' என்று எழுதினார். எவ்வளவு காத்திருந்தார்கள், எதற்காக என்பதை அந்த ஆய்விதழ்க்காரர்கள் கேட்கவில்லை.

புது மெஷினுக்கு என் வாழ்த்துகள். சிக்கு வாடையை அது துளியும் விடாமல் பிடிக்கும் என்று நம்புகிறேன். இரண்டாம் தரம் கேட்குமா என்று மட்டும் அந்தப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்த லீவுக்கு வேலு வந்தான். கன்னம் உப்பியிருந்தது. பையைக் கீழே வைத்ததும் கேட்டேன். "சாமை உப்புமா வந்துச்சாடா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சிக்கா."

எனக்குப் பகீரென்றது. அக்கா செய்தது, எந்த வாயால் நல்லா இல்லை என்று சொல்வான்? செல்லம்மாவின் குனிந்த தலை கண்ணில் வந்தது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இன்னொண்ணு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேனே. ஆளுக்கு ஒண்ணுதான்னு சொல்லிட்டானுங்க" என்றான் வேலு, சட்டையைக் கழற்றிக்கொண்டே. "பக்கத்துல இருந்தவன்கிட்டப் புடுங்கித் தின்னேன்."